வண்டி நம்பரைப் பார்த்துப் போட்ட மொழி

பாதையில் பாறை சரிந்து, எங்கள் பஸ் வளைவில் நின்றது. அந்தக் காலத்தில் இறங்கி நடந்தே போய்விடுவோம். இப்போது முட்டி விடுவதில்லை. முன் சீட்டில் வாசலூர்பட்டி லாட்ஜ்காரரும், அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணும்.

“இன்னிக்கு வர்றவங்களுக்கு ‘மலையேறாதீங்க’ன்னு அனுப்பிட்டியா கண்ணு?”

“அனுப்பிட்டேனுங்க, மலையாளத்துல.”

“அவங்க சேலத்துக்காரங்க சாமி! வண்டியும் டிரைவரும்தான் கேரளா!”

“புக்கிங்ல மொழிக் கட்டத்துல வண்டி நம்பரப் பாத்துப் போட்டேனுங்க.”

“கைக்குழந்தையோட வர்றாங்க. போன் போடு!”

மேலே இன்னும் கல் உருண்டுகொண்டிருந்தது. மூன்றாம் தடவைதான் அவளுக்கு லைன் கிடைத்தது.

“அடிவாரத்துலயே நின்னுட்டாங்களாம். புரியாம டிரைவருகிட்டக் காட்டுனாங்களாம், அவருதான் படிச்சுச் சொன்னாராம்.”

“இனிமே கேட்டுப் போடு.”

“நம்பரப் பாத்தாப் போதும்னு சொன்னதே நீங்கதானுங்க.”