எட்டெழுத்தில் நின்ற பேர்

மகள்: ...அதான் எல்லாத்தையும் சுருக்கிட்டேன்ப்பா. இனிமே ஒரு ஃபைல் பேர்கூட எட்டெழுத்தத் தாண்டாது.

அப்பா: சுருக்கிட்டியா? எதை?

மகள்: டெஸ்க்டாப்ல இருந்த மொத்தத்தையும். பேரா அது? அனுமார் வால் மாதிரி... எங்க ஆபீஸ்ல இப்படிப் பேர் வெச்சா சீட்டக் கிழிச்சிடுவாங்க.

அப்பா: நீளமான பேர்ல ஒரு சௌகரியம் இருக்கும்மா. திறந்து பாக்க வேண்டாம். வெளியிலேருந்தே விஷயம் புரியும்.

மகள்: வெட்டறதுக்கு முன்னாடி நாலஞ்சத் திறந்தும் பாத்தேனே. உள்ள ஒண்ணுமே இல்ல. அத்தனையும் காலி.

அப்பா: அதத்தான் சொல்றேன். விஷயம் பேர்லயே முடிஞ்சுடும்.

மகள்: 'கேஸ் தீந்துபோச்சு நாளைக்குக் கொண்டு வருவான்'னு ஒரு ஃபைல். அடுத்த ஃபைல் பேரு 'சரி'. என்னப்பா இது?

அப்பா: அது... வீட்டு விவகாரம்.

மகள்: அப்பா...

அப்பா: காலைல உங்கம்மா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருவா. சாயந்தரம் நான்.

மகள்: நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையா?

அப்பா: பேசிக்கறோமே. இதுலதான்.

மகள்: எப்போலேருந்து?

அப்பா: அவ ஸ்கூட்டர அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வித்தேன்ல... அப்போலேருந்து.

மகள்: போன்ல ரெண்டு பேரும் அவ்ளோ கலகலன்னு பேசினீங்களே!

அப்பா: உன்கிட்டப் பேசினோம். நேத்து நான் ஒண்ணு போட்டேன். 'வித்தது என் தப்புதான் இனிமேலாவது என்கூட வாய் திறந்து பேசுவியா'ன்னு. பதில் வந்திருக்கா பாரு.

மகள்: இருங்க... கடைசியா வந்தது... 'உங்ககூடப்பேச'.

அப்பா: பேச...?

மகள்: அதோட நிக்குது.

அப்பா: பேசணுமா? பேச மாட்டாளா? பேச இஷ்டமில்லையா? அடிப்பாவி... நம்ம பாஷைல ஆமாவா இல்லையாங்கறதே கடைசியிலதான வரும்! அதப் போய் நறுக்கிட்டியே!

மகள்: நான் ஒவ்வொண்ணாப் படிச்சா வெட்டினேன்? ஒரே கமாண்ட், மொத்தமும் எட்டுல நின்னுடுச்சு.

அப்பா: பழையபடி மாத்து.

மகள்: முடியாதுப்பா. அம்மா பக்கத்து ரூம்லதான இருக்காங்க, போய்க் கேளுங்க.

அப்பா: கேக்கறதுன்னா... பேசணுமே.

மகள்: ஆமா.

அப்பா: புதுசா ஒரு ஃபைல் போட்டுக் கேட்டா?

மகள்: எட்டெழுத்துலயா? போங்கப்பா.

அப்பா: இந்தா... கொஞ்சம் இங்க வாயேன். காலைல நீ போட்ட பேர இவ வெட்டிட்டா. 'உங்ககூடப் பேச'வுக்கு அப்புறம்... என்ன இருந்துச்சு?

அம்மா: அவ அத வெட்டல. நான் போட்டதே அவ்வளவுதான். மீதிய வாயால சொல்லிக்கலாம்னு காலைலேருந்து இங்கயே உக்காந்திருக்கேன்.