மரை கழண்டவர்

தப்பாக நினைக்காவிட்டால் ஒன்று சொல்கிறேன், சார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் இடது முன்கால் அரை நூல் கட்டையாக இருக்கிறது. எழுதக் குனியும்போதெல்லாம் 'டக்' என்கிறது. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். இருபத்திரண்டு வருடமாகக் கார்களுக்கு ஷாக் அப்சார்பர் மாட்டுகிறவன் நான். எது கோணலாக நின்றாலும் கை அரிக்கும். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். என் சொந்தக் கார் வேகத்தடையில் ஏறினால் பழைய கட்டில் மாதிரி முனகும்.

என்னைப் பெரிய வில்லன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். யாராவது கேலி செய்தால் அதற்கான பதில் எனக்கு மூன்றாம் நாள் குளிக்கும்போதுதான் தோன்றும். என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவன், நேர்மாறு. வாயை வைத்தே பிழைத்துக்கொள்வான். நாள் முழுக்க மரையோடும் நட்டோடும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் எனக்கு 'மரை கழண்டவர்' என்று பெயர் வைத்தான். மாமனார் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் பெயர் நிஜமாகிவிடும் அல்லவா? ஆறு வருடம் சிரித்தேன். தாடைவலிக்குத் தைலம்கூட வாங்கினேன்.

என் மனைவி மட்டும் சிரித்ததில்லை. "அவரை ஏன் ஓட்டுறீங்க?" என்று சகலையை அதட்டுவாள். எனக்கு அது போதும். போன மாதம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சகலை அந்தப் பெயரைச் சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பு. உடனே என் பக்கம் திரும்பி, "சும்மா சிரிச்சேங்க, கோச்சுக்காதீங்க" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. இதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே சகலை புது ஷாக் அப்சார்பர் செட் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு மாட்டுகிற ரகம். உடம்பு முழுக்க மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை அந்த மரையில் கீழே சுற்றினால் கார் இறங்கும், மேலே சுற்றினால் ஏறும். தட்டு தானாகச் சுற்றாமல் இருக்க அதற்கடியில் ஒரு பூட்டு வளையம். உயரம் வைத்து முடித்ததும் வளையத்தை இறுக்க வேண்டும். என் தொழிலின் மொத்த வேதமும் இந்த ஒரு வரிதான்.

"இன்னும் ரெண்டு மரை இறக்குங்க சகலை. பாக்குறவன் வயிறு எரியணும்."

"ரொம்ப இறக்குனா குலுங்கும்."

"குலுங்கட்டுமே. நான் என்ன முட்டையா ஏத்திக்கிட்டுப் போறேன்?"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்தேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டியைத் தூக்குவதற்கு முன் எந்த சீட்டில் யார் உட்காருவார்கள், எத்தனை கிலோ என்று கேட்டு ஓர் அட்டையில் எழுதிக்கொள்வேன். ஆள் ஏறாத காரின் உயரம் ஓர் உயரமே இல்லை. அதே எடைக்கு மணல் மூட்டை கட்டி சீட்டில் வைத்துவிட்டுத்தான் அளப்பேன். மணல் மூட்டைக்கு சீட் பெல்ட் போடுகிறவனை மரை கழண்டவன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்?

நான்கு சக்கரத்திலும் உயரம் வைத்தேன். மூன்று வளையங்களை இறுக்கினேன். இடது முன் வளையத்தை விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று நேற்று எழுதிக் கொடுத்தது பொய். இத்தனை வருடத்தில் ஒரு வளையத்தைக்கூட நான் மறந்ததில்லை. மரை கழண்டவன் ஒரு மரையைக் கழல விட்டான். அந்தச் சிலேடை மட்டும் மூன்றாம் நாள்வரை காத்திராமல் உடனே தோன்றியது. பக்கத்தில் சொல்லிக்காட்டத்தான் ஆளில்லை.

கார் ஒரு பக்கம் சாய்ந்து நொண்டும், அவன் மானம் போகும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குலுங்கக் குலுங்கத் தட்டு இறங்கும், டயர் உரசும், மாமனார் ஊர் மலைப்பாதையில் உரசினால் வெடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? மற்றவர்களுக்கு நான்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

நாலாவது வளைவில் நடந்தது. சகலைக்குத் தாடை உடைந்து கம்பி கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. அதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதாதீர்கள். சந்தோஷமில்லை, கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. என் மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் அவசியமே ஏற்படவில்லை, அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

அவள் அந்தக் காரில் ஏறுவாள் என்று தெரியாது என்றும் நேற்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குத்தானே அந்த அட்டையை என் முன்னால் தள்ளுகிறீர்கள். என் கையெழுத்துதான். நாற்காலிக்கு முட்டுக்கொடுக்க இதை மடித்துவிடாதீர்கள், சாட்சி. டிரைவர் சீட்டில் எண்பத்தாறு கிலோ. பின்சீட்டில், இடது பக்கம், ஐம்பத்து நான்கு.

அன்று காரை விட்டுவிட்டுப் போகும்போது சகலை சொன்னான்: "ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்டுக்கு அண்ணியும் என்கூட வர்றாங்க. முதுகு வலின்னு சொன்னாங்க. பின்னாடி மட்டும் கொஞ்சம் மெத்துன்னு வெச்சிடுங்க."

வைத்தேன், சார். முன்பக்க வளையத்தை விட்டுவிடுவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் உழைத்தேன். ஐம்பத்து நான்கு கிலோ மூட்டை கட்டி, அதற்குப் பெல்ட் போட்டு, குண்டும் குழியுமான தெருவில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். இறுக்கம் குறைக்கும் திருகை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினேன். மூன்றாவது முறை மூட்டை அசையவே இல்லை. அந்த நாலாவது வளைவு வரைக்கும் அவளுக்கு முதுகு வலித்திருக்காது. மனதில் கோபம் இருக்கிறவன் இவ்வளவு பார்த்துச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.