‘இல்லையே’ என்று கேட்காதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் ஹார்கிரீவ் அவர்களே, திருமதி பெட்டிஃபர் அவர்களே, விதைப்பு வேலையைப் போட்டுவிட்டு இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் ஊராரே, வணக்கம்.

இன்று காலை எழுந்ததும், தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே, மருத்துவமனைத் தொலைபேசியில் இரவில் பதிவான செய்திகளைக் கேட்டேன். ஒன்றுமில்லை. முப்பத்தோரு ஆண்டுகளாக மனநலப் பிரிவுச் செவிலியரான நம் சிஸ்டர் பெர்னடெட் டூஹி தினமும் செய்த முதல் வேலை அது. மாரடைப்பு அவரைக் கொண்டுபோன பிறகு, பதினோரு நாட்களாக நான் செய்கிறேன். செய்தியே இல்லாவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயமாகத்தான் இருக்கிறது. உதவி தேவைப்பட்டும் பேசாமல் இருப்பவர் யார்?

நம் விம்மரா வட்டாரத்தில் யாரை நலம் விசாரித்தாலும் “மோசமில்ல” என்றுதான் பதில் வரும். மூன்றாம் வருடமும் மழை பொய்த்தாலும் மோசமில்ல. மந்தையை விற்றாலும் மோசமில்ல. போன குளிர்காலத்தில் நம் ஊர் விவசாயி டெஸ்மண்ட் குவில்டி என் எதிரே உட்கார்ந்து அதையேதான் சொன்னார். அவர் அனுமதியோடுதான் பேசுகிறேன். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மனநலப் பிரிவுக்குச் செவிலியராக வந்து நான்கே மாதமான நான், தாளைப் பார்த்தபடி கேட்டேன்: “உயிரை விடணும்னு அப்படி இப்படி ஒண்ணும் யோசிக்கலையே?”

“சேச்சே.”

‘இல்லை’ என்று குறித்துக்கொண்டேன்.

மூலையில் இருந்த சிஸ்டர் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டார். “டெஸ், தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?”

மழை வருமா என்று கேட்பது போன்ற குரல். பிறகு வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம்!

“ஆமா,” என்றார் டெஸ். “வியாழக்கிழமைன்னு.”

அன்று புதன்.

சிஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார், அவர் மனைவியை வரவழைத்தார். மாலைக்குள் டெஸ் வீட்டுத் துப்பாக்கிப் பெட்டிச் சாவி பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்டது.

என்னைத் திட்டவில்லை. “பதிலை நீயே ஊட்டிவிட்டா மனுஷன் முழுங்கத்தானே செய்வார், கண்ணு?” என்றார். வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயந்ததாகச் சொன்னேன். “கேட்டு யாருக்கும் முளைச்சதில்ல. ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான் உனக்குப் பயம். எனக்கும்தான். இன்னிக்கும், ஒவ்வொரு தடவையும்.”

நம் சிஸ்டருக்கா! அந்தப் பயத்தோடு எத்தனை பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்!

டாக்டர் ஹார்கிரீவ் அவர்களே, என் வீட்டிலும் இன்னும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நகரத்துக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் உங்கள் மேசையில் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை நான் மட்டும் இருந்திருந்தால் என்ற பயத்தில் எழுதியது. பயம் போகவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். திங்கள் முதல் சிஸ்டர் உட்கார்ந்த அந்த அறையில் நான் உட்காருவேன். கேட்பேன். பதில் வரும் வரை வாய் திறக்க மாட்டேன்.