சம்பந்தி வீட்டுக் கூரைத் தகட்டைக் கழற்றியது தொடர்பாகக் காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம்

என்னை எல்லோரும் கூரை மாமா என்றுதான் அழைப்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. மரக்கடைக்குப் பின்தெருவில் நீலக் கதவு போட்ட வீட்டில் மனைவியுடன் வசித்து வருகிறேன். ஷிங்கிள் கூரை, அதாவது பலகைமேல் தட்டை ஓடுகளை வரிசையாக ஆணியடித்துப் போடும் கூரை, போடுவது என் தொழில். நான் போட்ட கூரை எதுவும் ஒழுகியதில்லை, சந்தேகமிருந்தால் அதிகாரி விசாரித்துக்கொள்ளலாம்.

என் ஒரே மகளைப் புகார்தாரரான தச்சர் வீட்டில் கொடுத்திருக்கிறேன். அவர் தன் வீட்டுக் கூரையை என்னிடம் விடாமல் தானே போட்டார். மர வேலையில் அவரை அடிக்க ஆளில்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூரை ஓரத்தில் அடிக்கும் விளிம்புத் தகட்டை, ஓட்டுக்கு அடியில் விரிக்கும் தார்த்தாளுக்கு மேலேயே நான்கு பக்கமும் அடித்துவிட்டார். சரிவான ஓரங்களுக்கு அது சரி. தண்ணீர் சொட்டும் கீழ் ஓரத்தில் தகட்டை முதலில் அடித்து, தாளை அதன் மேல் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுக்கு அடியில் புகும் தண்ணீர் தாள் வழியாக வந்து தகட்டுக்குப் பின்னால் இறங்கி, பலகையை ஊறவைக்கும்.

சென்ற வாரம் மகள் போன் செய்து, "அப்பா, சுவரெல்லாம் ஈரம், குழந்தைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது" என்று அழுதாள். அதன் பிறகு நான் நேரில் போய்ச் சம்பந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் தெருவுக்கு அழைத்துப்போய், "இங்கிருந்து பாருங்க, நாலு பக்கமும் ஒரே கோடா இருக்கா இல்லையா?" என்றார். "கோடு அழகாத்தான் இருக்கு சம்பந்தி, தண்ணி அழகு பாத்தா இறங்குது?" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கூரையில கைய வெச்சீங்க, உங்க பொண்ணையும் கையோட கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அதைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆனாலும் பேரக் குழந்தையின் இருமல் என்னை விடவில்லை.

இன்று காலை அவர் பட்டறைக்குப் போன பிறகு ஏணி வைத்து ஏறி, முன்பக்க முதல் வரிசை ஓடுகளின் ஆணிகளைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றினேன். அடியில் இருந்த பலகையில் விரலை வைத்தேன், உள்ளே போயிற்று. ஊறிப்போன அந்தப் பலகையில் ஒரு துண்டைக் கொண்டுவந்து அதிகாரியின் மேசைமேல் வைத்திருக்கிறேன். அதன் பிறகு புகார்தாரர் திரும்பி வந்து, என்னைக் கண்டபடி திட்டி, ஏணியைத் தூக்கிக்கொண்டு போலீஸுக்குப் போய்விட்டார். அது ஒருவிதத்தில் நல்லதாய்ப் போயிற்று. இறங்க வழியில்லை, தடுக்கவும் ஆளில்லை. முன்பே மேலே ஏற்றியிருந்த புதுப் பலகையை வைத்து, தகடு அடித்து, அதன் மேல் தாளை இழுத்துவிட்டு, ஓடுகளைப் பழையபடி பதித்து முடித்தேன். அதன் பிறகு காவலர் ஏணியுடன் வந்தார், நானே இறங்கி வந்தேன். கூரையை நான் சேதப்படுத்தினேன் என்பது பொய்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே மழை பிடித்துக்கொண்டது. மகள் போன் செய்து, "அப்பா, முன்பக்கச் சுவர்ல இந்த மழைக்குச் சொட்டுத் தண்ணி இறங்கல" என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அதை அதிகாரியும், வெளி பெஞ்சில் இருந்த சம்பந்தியும் கேட்டார்கள். சம்பந்தி எழுந்து வந்து, "பின்பக்கத்துக்கும் அதே கோளாறுதானே? அங்கதான் நாங்க படுக்கிறோம்" என்றார். இவர்கள் என்னை விட்டதும் வருகிறேன், ஏணியை மட்டும் இனி எடுக்காதீர்கள் என்று சொன்னேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
கூரை மாமா