ஆமிக்காரர் காணாதாம்

மாங்குளத்தில் பஸ் நின்றபோது, எனக்கு முன் இருக்கையில் போன் பார்த்துக்கொண்டிருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"அக்கா, வெளிநாடுகளில சமாதானம் காக்க அனுப்புறதுக்கு எங்கட நாட்டில இருக்கிற ஆமிக்காரரும் வாகனமும் காணாதாம், இன்னும் வேணுமாம்."

மடியில் புதுப் பொங்கல் பானை வைத்திருந்த அந்த அக்கா சிரித்தாள்.

"காணாதாமோ? என்ர காணிக்குள்ள காம்ப் அடிச்சு இருக்கினம். அவையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு."

"இப்ப பானையோட எங்க போறியள்?"

"அங்கதான். உள்ளுக்க இருக்கிற எங்கட வைரவருக்குப் பொங்க வருசத்தில ஒரு நாள் விடுவினம்."

"ஆமிக்காரர் கரைச்சல், தொந்தரவு ஒண்டும் தாறேல்லையோ?"

"சீச்சீ. போன முறை ஒரு ஆமிப் பெடியன், என்ர மனுசன் வெட்டின கிணத்தில தண்ணி அள்ளித் தந்தவன். 'குடிச்சுப் பாருங்கோ அம்மா, எங்கட கிணத்துத் தண்ணி நல்ல ருசி' எண்டு சொன்னவன்."