ஊமை கிதாருக்குப் புது பிக்கப்

சபீஹா: ஐயோ, அந்த ஸ்க்ரூவ அவ்ளோ முறுக்காதீங்க! உள்ள சுத்தின ஒயரு காயிலு நசுங்கிடும்.

வெள்ளத்துரை: யாரது? திரைக்குப் பின்னால யாருனா கீறீங்களா?

சபீஹா: நான்தான்... சபீஹா.

வெள்ளத்துரை: அலி அக்பர் பாயோட தங்கச்சியா? பாய் கடையப் பாத்துக்கோன்னு சொல்ட்டு இப்பதான் மண்ணடிக்குப் போனாரு. உள்ள ஆளு கீதுன்னு சொல்லவே இல்லியே.

சபீஹா: முன்னாடி ரேடியோ கடை, திரைக்கு இந்தாண்ட வூடு. எங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரே செவுரு. பக்கத்து வூட்டுக்காரருக்கு இதுகூடவா தெரியாது?

வெள்ளத்துரை: அது தெரியும். பேசுவீங்கன்னுதான் தெரியாது.

சபீஹா: பேசக்கூடாதுதான். நீங்க பண்ற அநியாயத்தக் கேட்டுகினு கம்முனு குந்தியிருக்க முடியல... எங்க, கம்பிய மீட்டுங்க.

வெள்ளத்துரை: ம்... கேட்டுச்சா?

சபீஹா: குளிர்ஜொரம் வந்தவன் பாடறாப்புல நடுங்குது. கம்பி சத்தத்தப் புடிக்கற அந்தப் பிக்கப்புக்கு அடியில இன்னா வெச்சீங்க?

வெள்ளத்துரை: அட்டைய மடிச்சி வெச்சேன். சண்ட முடிஞ்சி போவசொல்ல ஒரு கப்பல்காரன் எங்கப்பாகிட்ட வுட்டுட்டுப் போன கிதாரு இது. ரெண்டு மாசம் முன்னாடி கெட்டுப்போன பழைய பிக்கப்பு பெருசு. பாய் குடுத்த இது சிறுசு, பள்ளத்துல உள்ள போயிடுது.

சபீஹா: அதுக்காக கம்பிய மோதறாப்புலயா ஒசத்துவாங்க? காந்தம் கம்பியப் புடிச்சி இழுக்குது பாருங்க. அட்டைய எடுங்க.

வெள்ளத்துரை: எடுத்துட்டா மெல்லிசு கம்பியெல்லாம் மொணங்குமே.

சபீஹா: எல்லாத்தையுமா எடுக்கச் சொன்னேன்? மெல்லிசு கம்பி பக்கம் வுட்டுடுங்க. தடிச்ச கம்பி பக்கம் மட்டும் எடுங்க. கொஞ்சம் சாஞ்சாப்புல குந்தணும் அது.

வெள்ளத்துரை: பாய்கூட இத சொல்லலியே...

சபீஹா: செஞ்சவங்களுக்குதான தெரியும்?

வெள்ளத்துரை: பின்ன, பாய் செய்யலியா?

சபீஹா: அவரு வெரலு வாழக்கா மாதிரி. முடிய விட மெல்லிசு ஒயரு, தொட்டாலே அறுத்துடுவாரு. என் தையல் மிஷின்ல, பாபின்ல நூலு சுத்தறாப்புல நான்தான் சுத்தினேன். வெளிய சொல்லிடாதீங்க.

வெள்ளத்துரை: எனக்கோசரமா?

சபீஹா: நெனப்பப் பாரு! கடைக்கு வந்த வேல.

வெள்ளத்துரை: சரி, தோ, சாய்ச்சாச்சி. இப்ப கேளுங்க...

சபீஹா: இன்னொரு தபா மீட்டுங்க.

வெள்ளத்துரை: தோ... எப்பிடி கீது?

சபீஹா: நல்லா கீது. ரொம்ப நல்லா கீது... சாயங்காலம் அந்தக் கப்பல் பேண்டு மாஸ்டர் கேட்டா உங்கள வுடவே மாட்டான்.

வெள்ளத்துரை: அது உங்களுக்கு எப்பிடி...

சபீஹா: திரை துணிதான? இரும்புக் கதவா? கிதாரு பேசினாதான் வேலன்னு அண்ணங்கிட்ட சொன்னீங்களே. எவ்ளோ நாளு போறீங்க?

வெள்ளத்துரை: ரெண்டு வருசம். கொழும்பு, சிங்கப்பூரு... அப்பால எங்கெங்கியோ.

சபீஹா: ராயபுரத்துல வாசிச்சா ஆவாதா?

வெள்ளத்துரை: யாருக்கு வாசிக்கறது? உங்களுக்கு அடுத்த மாசம் நிக்கா. நாகூரு மாப்ள. பாயே வூடு தேடி வந்து சக்கர குடுத்துட்டுப் போனாரு.

சபீஹா: என்னிய யாரு கேட்டாங்க?

வெள்ளத்துரை: பாய் கேக்கலியா?

சபீஹா: போங்க, நல்லபடியா போயிட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்... இது ஊமையா கெடந்தப்பகூட நீங்க தெனம் வாசிச்சத நான் கேட்டேன்.

வெள்ளத்துரை: அதெப்பிடி? நாலு காலும், கீழ மிதிக்கற பெடலும் வெச்ச பலக மாதிரி கிதாரு இது. பிக்கப்பு இல்லன்னா குனிஞ்சி வாசிக்கற எனக்கே சரியா கேக்காது.

சபீஹா: பெடலு கேக்குமே. நீங்க காலால மிதிக்கசொல்ல தடக்கு தடக்குன்னு செவுத்துல எறங்கும். அத வெச்சே இன்னா பாட்டுன்னு கண்டுபுடிச்சிடுவேன். கூடவே மனசுக்குள்ள பாடுவேன். ஒரு நாளு அது இல்லன்னா அன்னிக்கி எனக்கு சோறு எறங்காது.

வெள்ளத்துரை: சபீஹா...

சபீஹா: இருங்க, உங்க மேல கோவமும் கீது. அவ்ளோ ஆசையா வாசிக்கறவரு, பக்கத்துலயே ரேடியோ கடைய வெச்சிகினு, ரெண்டு மாசமா இத ஏன் ரிப்பேருக்கு எடுத்தாரல? பழையபடி தெருவே கேக்க வாசிச்சிருக்கலாமே?

வெள்ளத்துரை: தெருவே கேக்க வாசிச்சப்ப எனக்கு வேற ஒண்ணுமே கேக்கல. இது ஊமையானப்புறம்தான், நான் பெடல மிதிக்கசொல்ல எல்லாம் அந்தாண்டலேந்து நீ வெரலால செவுத்தத் தட்டறது கேட்டுச்சி.