நாற்பத்தேழாம் எண்ணுக்கு வந்த பதில்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றையும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். வயது முப்பத்தொன்று. மருத்துவப் பட்டம் பெற்ற பின், வேலை செய்யும் இடத்தால் வேலை செய்பவர்களுக்கு வரும் நோய்களைப் பற்றிய மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். பெயிண்ட் கலக்கும் அறையில் இறந்தவருடைய மைத்துனரை நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்மேல் சொல்லப்படும் குற்றம் முழுவதும் அவருடையது அல்ல என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எழுத்தர் ஐயா சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். சுருக்கினால் பாதி பொய்யாகிவிடும் என்பதால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படிப்பின் ஒரு பகுதியாக, இரும்பு அலமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். அங்கே அறுபத்திரண்டு பேருக்குக் காது பரிசோதனை செய்வது என் வேலை. சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் ஒருவர் ஹெட்போன் மாட்டி உட்காருவார். நான் வெளியிலிருந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவேன். கேட்டால் அவர் கையிலுள்ள பட்டனை அமுக்குவார், என் பக்கம் விளக்கு எரியும். அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. உட்காருபவர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். அந்த அறையில் ஹெட்போன் வயர் எட்டவில்லை என்று நாற்காலியை என்னைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்தால் சரி என்று இருந்துவிட்டேன்.

சத்தம் அனுப்பும்போதெல்லாம் என்னையறியாமல் புருவத்தைத் தூக்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். சீட்டாடும்போது அம்மா, "உன் கையில என்ன சீட்டுன்னு புருவமே சொல்லிடும்டி" என்று கேலி செய்வாள். பரிசோதனை செய்யும்போது அது என் நினைவுக்கே வரவில்லை.

இறந்தவரை அங்கே எல்லோரும் 'சரிங்க' என்றுதான் கூப்பிட்டார்கள். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார் என்பதால் வைத்த பட்டப்பெயர். பதினெட்டு வருடம் தகடு அடிக்கும் பிரஸ் பிரிவில் இருந்துவிட்டு, ஒரு வருடமாகப் பெயிண்ட் கலக்கும் அறையில் வேலை செய்தார். டோக்கன் எண் நாற்பத்தேழு. மனைவியின் தம்பியும் அதே அறையில்தான் வேலை, அவருக்கு நாற்பத்தைந்து. புதன்கிழமை சரிங்கவுக்குப் பரிசோதனை செய்தேன். அறுபத்திரண்டு பேரில் அவருடையதுதான் மிக நல்ல முடிவு. பிரஸ் சத்தம் காதைக் கெடுக்கும், பெயிண்டில் சேர்க்கும் தின்னர் ஆவியும் கெடுக்கும் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "தகுதி" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அன்று மாலையே பட்டியலைப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு வியாழக்கிழமை மதியம் கேன்டீனில் அவருக்குப் பின்னால் ஒருவர் கை தவறித் தட்டு அடுக்கைக் கீழே போட்டார். அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். சரிங்க மட்டும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த முறை ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டிவிட்டுப் பரிசோதனையைத் திரும்பச் செய்தேன். தாழ்ந்த சத்தத்துக்கு இரண்டு முறை விளக்கு எரிந்தது. கூர்மையான சத்தம் ஒன்றுக்குக்கூட எரியவில்லை. முடித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து, பட்டனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்க புருவத்தப் பாத்துதான் அமுக்கினேன் டாக்டரம்மா. காது போச்சுன்னு எழுதினா வேலை போயிடும். எழுதிடாதீங்க" என்றார். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று சொன்னேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே "சரிங்க" என்றார். அவருக்காகத் தள்ளிப்போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அது அல்ல. போன மாதம் இரத்த மாதிரிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். இன்னொரு தவறு நடந்தால் ஆறு மாதப் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று பேராசிரியர் அப்போது கண்டித்திருந்தார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், அன்று விடுதிக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பயம்தான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, பெயிண்ட் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது, கலக்கும் இயந்திரத்தின் மோட்டார் புகைந்து சைரன் அடித்தது. அந்த அறையில் தீயணைக்கக் கரியமில வாயு வைத்திருக்கிறார்கள். சைரன் அடித்த ஒரு நிமிடத்தில் கதவு தானாக மூடி, அறை முழுக்க வாயு நிரம்பிவிடும். அதற்கு மணம் கிடையாது, உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார். வெளியே சுவரில் ஒரு பச்சைப் பட்டன் உண்டு, அதை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை வாயு வராது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கும் சுழலும், ஆனால் டப்பா அடுக்குக்குப் பின்னால் நிற்பவருக்கு அது தெரியாது. இவையெல்லாம் எனக்குப் பயிற்சியின் முதல் நாளே காட்டப்பட்டவை.

உள்ளே இருந்தவர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள். சூப்பர்வைசர் பச்சைப் பட்டனை அமுக்கிப் பிடித்தார். உள்ளே எளிதில் தீப்பிடிக்கும் தின்னர் டிரம்கள் இருந்ததால் அவர் அவசரப்பட்டார், அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். சுவரைப் பார்த்து நின்றபடியே டோக்கன் எண்களைச் சத்தமாகக் கூப்பிட்டார். நாற்பத்து நான்கு என்றார், "வந்தாச்சு" என்று பதில் வந்தது. நாற்பத்தைந்துக்கும் நாற்பத்தாறுக்கும் வந்தது. நாற்பத்தேழு என்றார். அதற்கும் "வந்தாச்சு" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைச் சொன்னவர் மைத்துனர். புகை எரிச்சலில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, குனிந்து இருமியபடியே சொன்னார். தினமும் காலையில் வருகை எடுக்கும்போது மாமாவுக்குக் காதில் விழாது என்று அவர்தான் நாற்பத்தேழுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பாராம். ஒரு வருடமாக அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய சூப்பர்வைசரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு இந்த வழக்கம் பிறகுதான் தெரியும்.

இந்த இடத்தில், வெளியே எத்தனை பேர் நின்றார்கள் என்று நான் கவனிக்கவில்லை என எழுத்தர் எழுதினார். அதை அடித்துவிட்டு, கவனித்தேன் என்று எழுதச் சொல்லி, ஓரத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த அறையில் வேலை செய்பவர்கள் ஆறு பேர், வெளியே ஐந்து பேர்தான் நின்றார்கள். நாற்பத்தேழுக்குப் பிறகு இன்னும் இரண்டு எண்கள் கூப்பிட மீதி இருந்தன. சரிங்க அங்கே இல்லை என்பதும், அந்தச் சைரன் அவர் காதில் விழாது என்பதும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். "அவருக்குக் காது கேட்காது" என்று கத்தினால், அது உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்வி உடனே வரும் என்று மனதில் ஓடியது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன். ஒருவேளை பின்வாசல் வழியாகப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அறைக்குப் பின்வாசல் கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் "ஆறும் சரி" என்று சொல்லிப் பட்டனிலிருந்து கையை எடுத்தார். கதவு மூடியது.

அதன் பிறகுதான் மைத்துனர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். "மாமா எங்க?" என்று கேட்டார். கதவைத் திறக்கப் பாய்ந்தவரை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு தீயணைப்புக்காரர்கள் காற்று உருளை மாட்டி உள்ளே போய் அவரைத் தூக்கி வரக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அடுக்குக்குப் பின்னால் டப்பாக்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே கிடந்தாராம். பேனா கையிலேயே இருந்தது. நாற்பது நிமிடம் அவர் நெஞ்சை அழுத்திப் பார்த்தேன். மைத்துனர் பக்கத்தில் முழங்காலிட்டு எனக்காக எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய பிறகும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

அன்று மதியம் பேராசிரியர் போனில் கூப்பிட்டு, சான்றிதழ் சரியாகத்தானே இருக்கிறது, கேட்காததைப் பற்றிப் பேசாதே என்றார். தொழிற்சாலை மேலாளரும், காது நன்றாக இருந்ததற்குக் காகிதம் இருக்கிறது, பொய்யாகக் குரல் கொடுத்தவன்தான் பொறுப்பு என்று சொன்னதாக அறிந்தேன். அந்தக் காகிதம் என்னுடையது. வியாழக்கிழமை எடுத்த இரண்டாவது பரிசோதனைத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன். இதை நான் கிழித்துப் போட்டிருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. இரண்டு முறை கிழிக்கப் போனேன்.

இன்று காலை இறந்தவரின் மனைவி நான் தங்கியிருக்கும் விடுதிக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று கதவைத் திறக்கவே நடுங்கினேன். அவருக்கு எதுவும் தெரியாது, நெஞ்சை அழுத்திப் பார்த்த டாக்டர் என்றுதான் என்னைத் தேடி வந்திருக்கிறார். "போனவரு போயிட்டாரு. இருக்கிறவனையாவது விடச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நேராக இங்கே வந்துவிட்டேன்.

மைத்துனர் குற்றவாளி என்று நினைக்கிறீர்களா என ஆய்வாளர் கேட்டார். அவர் பார்க்காமல் பதில் சொன்னார். நான் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்தேன்.

இது என் வாயால் சொல்லி எழுதப்பட்டது, யாரும் சொல்லிக்கொடுத்ததோ மிரட்டியதோ இல்லை. வாசித்துக் காட்டியதைக் கேட்டேன், அடித்து எழுதிய ஓரிடம் உட்பட அனைத்தும் நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)